வழி சொல்லுங்க

யூனுஸ் பாய் "வாங்க" என்று சொல்லவில்லை. வானதிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வாசலுக்கு வந்த பகையாளியைக்கூட "வாங்க" என்று சொல்லி, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிக்கிற சீமை இது. இந்த மனிதரோ மில்லின் இரும்புக் கேட்டைத் திறந்தார், வானதியையும் அவள் புருஷன் புகழேந்தியையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார், ஒதுங்கி நின்றுகொண்டார். மரியாதை தெரியாத ஆள் என்று வானதி மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஐப்பசி மழை காலையில் ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போயிருந்தது. நன்னிலத்திலிருந்து வரும் சாலைக்கு இருபுறமும் சம்பா நட்டு இருபது நாள் ஆன வயல்கள். அவற்றின் நடுவே, மூடி ஒன்பது வருஷமான அரிசி மில். பெயர்ப்பலகையில் முதலாளி வீட்டுப் பெயர் உதிர்ந்துபோய் 'ரைஸ் மில்' மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இருட்டுறதுக்குள்ள முடிச்சிருங்க" என்றார் யூனுஸ். அந்த மில்லுக்கு அவர்தான் காவல்.

"ஏன் பாய், பேய் இருக்கா?" என்று சிரித்தான் புகழேந்தி. "இருந்தா இப்பவே சொல்லிடுங்க. வியூஸ் ஏறும்."

"பேயெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. உள்ள யாராச்சும் கொரல் குடுத்தா, பதில் கொரல் குடுக்காதீங்க. அவ்வளவுதான்."

"அந்தக் கதைய அப்படியே லைவ்ல வந்து சொல்லுங்களேன்."

"லைவ்ல சொல்ற கதை இல்ல அது" என்று சொல்லிவிட்டு அவர் கேட்டுக்கு எதிரே இருந்த மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்துகொண்டார். கேட்டுக்கு உள்ளே ஒரு கால்கூட அவர் வைக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கிற நிலைமையில் அவர்கள் இல்லை.

அவர்கள் நடத்தியது 'வழி சொல்லுங்க' என்கிற ஆட்டம். ஞாயிறுதோறும் லைவ். புகழேந்தியின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, நெஞ்சில் ஒரு போனை வார்ப்பட்டையால் இறுக்கி, ஆள் இல்லாத ஓர் இடத்தில் விட்டுவிடுவார்கள். நெஞ்சுப் போன் பார்ப்பதைத்தான் ஜனங்கள் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு இடது, வலது, குனி, தாண்டு என்று கமெண்டில் வழி சொல்வார்கள். வானதி வெளியே உட்கார்ந்து அதைப் படித்து, அவனுடைய இன்னொரு போனுக்குப் பேசி, அவன் காதுக்குச் சொல்வாள். அந்தப் போன் அவன் சட்டைப் பையில் இருக்கும். ஒளித்து வைத்த பரிசின் மேல் அவன் கை பட்டுவிட்டால், கடைசி வழி சொன்னவருக்கு அது சொந்தம். இந்த வாரம் கும்பகோணத்துப் பித்தளைக் குத்துவிளக்கு.

மூடிய சினிமாக் கொட்டகை, வாழைத் தோட்டம், நாகப்பட்டினத்தில் ஓட்டைப் படகுகள் கிடக்கிற கரை என்று எல்லா இடமும் ஆடித் தீர்த்தாயிற்று. முதல் மூன்று மாதம் கூட்டம் அலைமோதியது. பிறகு தேய ஆரம்பித்தது. போன வாரம் ஆயிரத்து இருநூறு பேர். அதில் பாதி, தூங்கி வழிந்தபடி போனைக் கையில் வைத்திருந்தவர்களாக இருக்கும்.

வரும் இருபத்திரண்டாம் தேதி புகழேந்திக்கு விமான டிக்கெட். மறுபடியும் குவைத், மறுபடியும் லாரி. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவனோடு சேர்ந்து இருந்த நாட்களை ஒருமுறை வானதி காலண்டரில் எண்ணிப் பார்த்தாள். நானூற்றுச் சொச்சம். அன்று அவள் அழுத அழுகையைக் கேட்டு, யாரோ செத்துப்போய்விட்டதாக நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்கம் கேட்க வந்தார்கள்.

"இன்னிக்கு லைவ்ல பத்தாயிரம் பேரு வந்தா டிக்கெட்ட கிழிச்சிடுறேன்" என்று காலையில் தலை சீவிக்கொண்டே சொல்லியிருந்தான் அவன். விளையாட்டுக்குச் சொன்னானோ, நிஜமாகவே சொன்னானோ. அவளுக்குச் சாமி வாக்கு மாதிரி விழுந்துவிட்டது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் போகக் கூடாது.

*

நாலரை மணிக்கு லைவ் தொடங்கியது. கேட்டை ஒட்டி, முன்பு நெல் வண்டிகளுக்கு எடை போட்ட சின்ன அறை ஒன்று இருந்தது. வானதி அங்கே உட்கார்ந்தாள். குத்துவிளக்கை அவளே பாய்லர் அறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"வாங்க வாங்க வாங்க! வழி சொல்லுங்க லைவுக்கு எல்லாரும் வாங்க! வாங்க துரைராசு அண்ணே, சாப்டாச்சா? ஷிஃபா வந்துட்டாங்க, வாங்க ஷிஃபா! புதுசா வந்தவங்க எல்லாரும் வாங்க!"

இந்த 'வாங்க'வுக்குத்தான் பாதிக் கூட்டம். பெயரைச் சொல்லி வாய் நிறையக் கூப்பிட்டால் யாருக்குத்தான் பிடிக்காது. பெத்த பிள்ளைகளே கூப்பிடாத கிழங்கள் கூட, அந்த ஒரு வார்த்தைக்காகப் பேத்தியின் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

மூன்றாயிரம். நாலாயிரம். மூடிய மில் என்றதும் ஜனங்களுக்குக் குஷி. 'அண்ணன பாய்லருக்குள்ள தள்ளுங்க' என்று ஒருத்தன். 'பின்னாடி யாரோ நிக்கறாங்க' என்று எல்லா வாரமும் சொல்கிற இன்னொருத்தன். புகழேந்தி கையை நீட்டித் துழாவியபடி நடந்தான். திரையில் சுவரின் காரை, துருப்பிடித்த பெல்ட் சக்கரம், வௌவால் எச்சம்.

அப்போதுதான் ஒரு பெயர் வந்தது. அமிர்தம். பக்கத்தில் படம் இல்லை.

*ஒம்பது எட்டு நேரா. அப்புறம் வாசப்படி. உசரம், கால தூக்கி வைக்கச் சொல்லு.*

வானதி படித்தாள். அவன் ஒன்பது எட்டு வைத்தான். வாசப்படி இருந்தது. திரையில் அது தெரியவே இல்லை. வெறும் இருட்டுதான் தெரிந்தது.

*தலைக்கு மேல இரும்பு. குனியச் சொல்லு.*

குனிந்தான். முடியை உரசிக்கொண்டு ஓர் இரும்புச் சட்டம் போனது. கமெண்டில் ஆரவாரம். ஐயாயிரம், ஆறாயிரம். இந்த அம்மா முன்னாடி இங்கே வேலை பார்த்தவராக இருக்கும் என்று வானதி நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பதுதான் சௌகரியமாக இருந்தது.

ஆனால் அமிர்தம் சொன்ன வழி பாய்லர் அறைக்குப் போகவில்லை. இடது பக்கம் திரும்பி உள்ளே, இன்னும் உள்ளே போயிற்று. விளக்கு இருக்கும் திசைக்கு அது நேர் எதிர். வானதிக்குத் தெரியும். 'தப்பான வழிங்க, திரும்புங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எண் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் சொல்லவில்லை.

"வானதி." காதில் அவன் குரல் தாழ்ந்து வந்தது. "இங்க நெல்லு அவியுற வாசன வருது."

"பழைய மில்லுல்ல? வாசன இருக்கத்தான் செய்யும்."

"பழசு இல்லடி. இப்ப அவியுற மாதிரி வருது. தரை சுடுது."

அவளுடைய மூக்குக்கும் அது வந்தது. மூன்று நாள் ஊறிய நெல்லின் புளித்த வாடையும் அதன் மேல் ஆவி பட்ட வாசமும் எடை அறையின் உடைந்த ஜன்னல் வழியாக மெல்ல நுழைந்தன. ஒன்பது வருஷமாக அடுப்பு மூட்டாத மில்.

எட்டாயிரத்து எழுநூறு.

"போதும், கட்ட அவுக்கப் போறேன்."

"வேணாங்க. இன்னும் கொஞ்சம் பேருதான். அவுக்காதீங்க." அவள் போனை வாயருகே கொண்டுபோனாள். "எனக்காக."

'எனக்காக' என்று கேட்டதை அவன் ஒருநாளும் தட்டியதில்லை. அது தெரிந்துதான் அவள் கேட்டாள்.

*தொட்டி வந்துடுச்சு. ஏணியில அஞ்சு படி. இறங்கச் சொல்லு தங்கச்சி.*

அந்தத் தொட்டியை மதியமே இருவரும் பார்த்திருந்தார்கள். நெல் ஊறப்போடுகிற சிமென்டுத் தொட்டி, ஒன்றரை ஆள் ஆழம். உள்ளே சிலந்தி வலையும் ஓர் உடைந்த முறமும் கிடந்தன. மேலே கூரையை ஒட்டி, நெல்லைக் கொட்டுவதற்கு வாய் அகன்ற தகரக் குழாய். காய்ந்த தொட்டிதானே, அதில் இறங்கி ஏறினால் என்ன ஆகிவிடப் போகிறது?

"ஏணி இருக்காம். அஞ்சு படி. இறங்குங்க."

அவன் இறங்கினான். படிப்படியாக அவனுடைய மூச்சு காதில் கேட்டது.

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.

ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது.

பத்தாயிரத்துப் பதினாலு.

"ஏங்க! பத்தாயிரம்! வந்துடுச்சுங்க, பத்தாயிரம் வந்துடுச்சு!" வானதி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த நிமிஷத்தில் அவளைவிடச் சந்தோஷமான மனுஷி தஞ்சாவூர் சீமையிலேயே இருந்திருக்க மாட்டாள்.

திரையில் அமிர்தம் பெயரில் ஒரு வரி வந்தது.

*வரட்டா?*

லைவில் வாராவாரம் நூறு பேர் கேட்கிற கேள்வி அது. அக்கா, நானும் உங்ககூட லைவ்ல வரட்டா? வரட்டா அக்கா? கேட்டவருக்கு வானதி ஒரே பதில்தான் வைத்திருந்தாள். யோசிக்காமல், நெஞ்சு நிறைந்து, உரக்கச் சொன்னாள்.

"வாங்க வாங்க, அமிர்தம் அக்கா! வாங்க!"

மில்லுக்குள் எங்கோ உயரத்தில் ஒரு தகரப் பலகை விலகியது.

பிறகு மழை கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது.

வெளியே மழை இல்லை.

"வானதி, மேலேருந்து என்னமோ—"

திரை கறுத்தது.

*

"யாரு சொன்னது?" யூனுஸ் கைலியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஒன்பது வருஷமாகத் தாண்டாத கேட்டை அவர் தாண்டினார். "யாரும்மா வாங்கன்னு சொன்னது?"

அவள் எப்போதோ உள்ளே ஓடிவிட்டிருந்தாள். ஒன்பது எட்டு, வாசப்படி, இரும்புச் சட்டம். அதில் நெற்றியைக் கொடுத்துக்கொண்டு, ரத்தத்தோடு தொட்டியை எட்டினாள்.

தொட்டி நிறைய நெல்.

ஊறிய நெல். ஆவி பறந்துகொண்டிருந்தது. கைவிரல் ஒன்று மட்டும் மேலே தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மூழ்கியது.

வானதி உள்ளே குதித்துத் தோண்டினாள். இரண்டு கையாலும் வாரி வாரி வெளியே எறிந்தாள். கொதிக்கிற நெல் உள்ளங்கையைப் பொரித்தது. ஒரு கை வாரினால் இரண்டு கை சரிந்து வந்தது. "போவாதீங்க, போவாதீங்க, என்னைய விட்டுட்டுப் போவாதீங்க" என்று எல்லாத் தெய்வத்துக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். யூனுஸ் தகரத் துண்டு ஒன்றால் வாரிப் போட்டார். வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டு மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. புகழேந்தியை வெளியே இழுத்துப் போட்டார்கள். கண்கட்டு அப்படியே இருந்தது. வாயிலும் மூக்கிலும் நெல். யாரோ கால்களைத் தூக்கிப் பிடித்து முதுகில் அறைந்தார்கள்.

அவன் இருமினான். மூச்சு வந்தது.

மேலே தங்கியிருந்த பழைய நெல் குழாய் உடைந்து கொட்டிவிட்டது என்று ஊரார் முடிவு கட்டினார்கள். ஊருக்கு ஒரு காரணம் வேண்டும்; கிடைத்தால் தூங்கப் போய்விடும். ஒன்பது வருஷப் பழைய நெல் எப்படிச் சுடும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய வானதியின் இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்தது.

ஆஸ்பத்திரி நடையில் யூனுஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தொட்டிய கழுவ ஒரு பொம்பள எறங்கும்மா. மேல ஒருத்தன் நெல்லோட நிப்பான். தெறந்து வுடறதுக்கு முந்தி 'வரட்டா?'ம்பான். கீழ உள்ளவ ஏறி வெளிய வந்து 'வாங்க'ன்னு கொரல் குடுக்கணும். அப்பதான் தெறப்பான். மில்லு பழக்கம் அது. அன்னிக்கு அமிர்தம் உள்ள இருந்துச்சு. மேல இருந்தவன் கேட்டான். அதே நேரத்துக்கு மொதலாளி சம்பந்தி கார்ல வந்து எறங்குனாரு. நான் கேட்டுல நிக்கிறேன்."

அவர் கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா சொன்னேன். 'வாங்க, வாங்க'ன்னு. அவனுக்கு அது கேட்டுருச்சு, தெறந்துட்டான். அதுக்கப்புறம் அந்த வார்த்தைய நான் யாருக்கும் சொன்னதில்ல. எம்மவ நிக்காஹ்லகூட ஊமையாட்டம் நின்னேன். நீங்க வந்தப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சும்மா."

வானதிக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அவர் அறியாமல் ஒருமுறை சொன்னார். அவள் தப்பான வழி என்று தெரிந்தே புருஷனை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சொன்னாள். இரண்டும் ஒன்றாகுமா?

*

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். புகழேந்திக்கு அதிர்ச்சியில் பேச்சு நின்றிருக்கிறது, தானாக வரும் என்று டாக்டர் சொன்னார். நெஞ்சில் கட்டியிருந்த போன் நொறுங்கிக் கிடைத்தது. சட்டைப் பையில் இருந்த போன் கிடைக்கவில்லை. தொட்டியைக் காலி செய்து அடிவரை பார்த்தும் இல்லை.

லைவின் பதிவை வானதி ஒருமுறை போட்டுப் பார்த்தாள். எல்லார் கமெண்டும் இருந்தன. அமிர்தம் என்று ஒரு பெயர் கிடையாது. பத்தாயிரம் பேர் பார்த்ததும் கேட்டதும் ஒன்றுதான்: வானதி தானாகவே "ஒம்பது எட்டு நேரா" என்று சொல்கிறாள், தானாகவே இறங்கச் சொல்கிறாள், யாரும் கூப்பிடாமலே யாரையோ "வாங்க" என்கிறாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு அவள் அதைத் திறக்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி வந்தது, போயிற்று. விமானம் அவன் இல்லாமல் பறந்தது. அவன் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வானதி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இவ்வளவு நடந்தும் மனசின் ஒரு மூலையில் சந்தோஷம் எட்டிப்பார்த்தது. அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பேச்சு வரவில்லையே தவிர, அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போடாதவன் இப்போது விடியுமுன் எழுந்து வாசல் பெருக்கினான். பாத்திரம் தேய்த்தான். சோறு கொதிக்கிற பானையை வெறுங்கையால் இறக்கினான். துண்டைத் தலையில் சுற்றி, நுனியைப் பிடரியில் செருகிக்கொண்டான். அக்கம்பக்கத்துப் பெண்கள், மறுபிறவி எடுத்து வந்தவர் நல்லவராக வந்திருக்கிறார் என்று வானதியைக் கேலி செய்தார்கள்.

அவளும் சிரித்தாள். துண்டை அப்படிச் சுற்றுவது சுமை தூக்குகிற பெண்கள் வழக்கம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

அந்த லைவ் நடந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவன் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது.

திரையில் புகழேந்தியின் படம். அவனுடைய நம்பர்.

யாரோ போனைக் கண்டெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

"வானதி." மூச்சு இரைத்தது. "லைன்ல இருக்கியா? ரொம்ப நேரமா கூப்புடுறேன்."

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இடுப்பு வரைக்கும் நெல்லுடி. கட்ட அவுக்க முடியல, கை ரெண்டும் மாட்டிக்கிச்சு. ஏணி எந்தப் பக்கம்? சொல்லு. நீ சொன்னா வந்துடுவேன்."

அது அவன்தான். ஏழு வருஷம் போன் வழியாகவே குடும்பம் நடத்தியவள் அவள். முகத்தை மறந்தாலும் அந்தக் குரலை மறக்க மாட்டாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"பதில் கொரல் குடுக்காத தங்கச்சி."

பதினைந்து நாளாகப் பேசாத வாய் பேசியது. புகழேந்தியின் தொண்டைதான். ஆனால் அந்த இழுப்பு, அந்தக் கெஞ்சல், எல்லாம் ஒரு பெண்ணுடையது.

"அவரு ஏறி வந்தா நான் எறங்கணும். ஒரே ஆளுக்குத்தான் எடம். நீ பேசாம இரு. கொஞ்ச நாள்ல அந்தச் சத்தம் நின்னுடும். நான் ஒம்பது வருஷம் கத்திப் பாத்துருக்கேன், ஒருத்தர் பதில் சொல்லல. பழகிடும்."

"வானதி, எந்தப் பக்கம்? மேல யாரோ நடக்குறாங்க. சீக்கிரம் சொல்லு."

"நான் எங்கயும் போவ மாட்டேன் தங்கச்சி. குவைத்துக்கும் போவ மாட்டேன், ஒன்ன விட்டுட்டு எங்கயும் போவ மாட்டேன். அதுதான நீ கேட்ட?"

வானதி கண்ணை மூடினாள். ஏணி தொட்டியின் இடது மூலையில். ஐந்து படி. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து, வலிக்காமல், அவள் வாயைப் பொத்தியது. அவளுக்குத் தாலி கட்டிய கை. அதில் புது நெல்லின் சுணை இருந்தது, அவளுடைய உதடு அரித்தது.